கருணாநிதி எந்தத் தேர்தலிலும் தோற்றதே இல்லையா?

சட்டமன்றத் தேர்தலில் இல்லை. தோல்வி காணாதவர் என்றால் நின்றபோதெல்லாம் ஜெயித்தவர். 1957-ல் குளித்தலையில் தொடங்கி 2016-ல் திருவாரூர் வரை 13 முறை வென்றார்.

தொகுதி மாறியது முக்கியக் காரணம் என்பேன். தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என மண் பார்த்து விதைக்கும் விவசாயி மாதிரி இடம் பார்த்து நின்றார். அப்படியும் சில வெற்றிகள் மயிரிழையில்தான் கிடைத்தன. 1980-ல் அண்ணா நகரில் அதிமுக வேட்பாளர் ஹண்டேயை 699 வாக்குகளில் வென்றார். ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த 1991 தேர்தலில் திமுகவுக்குக் கிடைத்ததே 2 இடங்கள். அதில் ஒன்று, 890 வாக்குகளில் இவர் தக்கவைத்த துறைமுகம். எவ்வளவு பெரிய அலையை எதிர்த்து நின்ற வெற்றி அது!

அப்புறம், 1957 முதல் கடைசிவரை இடைவிடாமல் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல: 1983-ல் இலங்கைத் தமிழருக்காகப் பதவி விலகினார், 1984-ல் போட்டியிடவில்லை, 1991-ல் வென்ற பிறகும் பதவியை ராஜினாமா செய்தார்.