அத்தையின் ஆட்டுக்குட்டி புத்தகமாகுமா? – வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: என் மாமியார் அங்கன்வாடியில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், மொத்தம் பதினாலு கதை. ஒன்றாவது புத்தகமாக வரணும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நோட்டை நான் எடுத்துப் படித்துவிட்டுக் கேட்ட பிறகுதான் அதையே சொன்னார். ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் 'தேர்வாகிவிட்டது' என்று பதில் வந்தது. 24 பக்க வண்ணப் புத்தகம், 300 பிரதி, ஐ.எஸ்.பி.என். எண், விருது விழா எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து கொடுத்துவிடலாம் என்கிறார் அத்தை. வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு மருமகள், கோவில்பட்டி

பதில்: பணம் கட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. ஆனால் புத்தகமே வேண்டாம் என்ற அர்த்தத்தில் அவர் சொல்லியிருந்தால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அத்தையின் கதையை இரண்டு தடவை படித்தேன், அதில் சரக்கு இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

முதலில் அந்த 48,000. 300 பிரதி என்றால் ஒரு பிரதிக்கு 160 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. புத்தகக் கடையில் போய்ப் பாருங்கள், 24 பக்க வண்ணப் படக்கதைகள் நூறு ரூபாய்க்குள் நிறையக் கிடைக்கும், அந்த விலைக்குள்ளேயே படம், அச்சு, கடைக்காரருக்கான கழிவு எல்லாம் அடங்கிவிடுகிறது. குறைந்த பிரதி அடித்தால் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் நீங்கள் பணம் கட்டிய அன்றே அவர்களுக்கு வர வேண்டியது வந்துவிடுகிறது, அப்புறம் ஒரு பிரதியைக்கூட விற்றாக வேண்டிய அவசியம் அவர்களுக்குக் கிடையாது. விற்க வேண்டாதவர் கதையைத் திருத்தவும் மெனக்கெட மாட்டார். ஒரு புத்தகத்துக்கு அடையாளமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணமே இல்லை, ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் தேசிய முகமை அதை இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது. அதைக் காட்டிக் காசு கேட்பவரிடம் மற்ற கணக்கும் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

எழுத்தை எடுத்துக்கொள்கிற பதிப்பகம் எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கும், வாங்காது. தமிழில் பெரும்பாலும் விற்பனை விலையில் பத்து சதவீதம் ராயல்டி, இல்லையென்றால் ஒரு சிறு தொகை மொத்தமாக. பெரிய காசு இல்லை, ஆனால் பணம் போகும் திசை அதுதான். சொந்தச் செலவில் அச்சடிப்பதைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல புத்தகங்கள் அப்படியும் வந்திருக்கின்றன. அப்படிச் செய்ய நினைத்தால் சிவகாசி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நேரே போய் அச்சகத்தில் விலை கேளுங்கள், எந்தத் தாள், எத்தனை பக்கம், தைப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

இனி கதைக்கு வருகிறேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அங்கன்வாடிக்குள் புகுந்த ஓர் ஆட்டுக்குட்டி வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் தின்றுவிடுகிறது. 'என் பேரைத் தின்னுடுச்சு, அப்ப நான் இன்னைக்கு வந்தேனா வரலையா?' என்று ஒரு குழந்தை அழ ஆரம்பிக்க, பக்கத்தில் இருக்கிற குழந்தைகளும் சேர்ந்து அழுகிறார்கள். கடைசியில் டீச்சர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொரு பேருக்கும் அது 'மே' என்கிறது, எல்லாரும் வந்தாயிற்று.

அழுகிற குழந்தையின் அந்தக் கேள்வி யோசித்து எழுதினால் வராது. வருஷக்கணக்காகக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தவருக்குத்தான் அது கிடைக்கும். இப்படி ஒரு கதை கிடைக்காதா என்று எடிட்டர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நானும் அந்த வேலை பார்த்தவள், தெரிந்தே சொல்கிறேன்.

ஆனால் இப்போது இருக்கிறபடியே போகாது. அத்தை ஆரம்பிப்பது சூரியன் உதிப்பதில், அப்புறம் ஊர், வேப்பமரம், ஆட்டுக்குட்டியின் வெள்ளை உடம்பும் கறுப்புக் காதும், இப்படி முதல் பக்கம் முழுக்க வர்ணனை. படக்கதையில் இது எல்லாவற்றையும் ஓவியர் பார்த்துக்கொள்வார். காது கறுப்பு என்று எழுத வேண்டியதே இல்லை, ஓவியர் அதைச் சிவப்பாக வரைந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. 'ஆட்டுக்குட்டி பதிவேட்டைத் தின்றது' என்பதே முதல் வரியாக இருக்கட்டும். அதேபோல, கடைசிப் பத்தியில் 'ஆகவே குழந்தைகளே, பொருட்களைப் பத்திரமாக வைக்க வேண்டும்' என்று இருக்கிறது. அதை அப்படியே அடித்துவிடுங்கள். கதை முடிவது 'மே'யில். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்தாலும் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், இது அத்தைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எழுத உட்கார்ந்ததும் எழுத்தென்றால் இப்படித்தான் முடிய வேண்டும் என்று அவர் கை தானாக எழுதியிருக்கிறது. நோட்டிலுள்ள மற்ற கதைகளிலும் இந்த இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள், தொடக்கமும் முடிவும்.

அப்புறம் ஒரு வேலை சொல்கிறேன், நீங்களும் அத்தையும் சேர்ந்து செய்யலாம். நாலு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்துத் தையுங்கள், 16 பக்கம் வரும். அச்சில் தாளை மடித்துத்தான் வெட்டுகிறார்கள், அதனால்தான் குழந்தைகள் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 என்று இருக்கும். முதல் இரண்டு பக்கத்தைத் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் விட்டுவிட்டு, மிச்சமுள்ள பக்கங்களில் கதையைப் பென்சிலில் எழுதிப் பாருங்கள், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. எந்த வரியில் பக்கம் திரும்புகிறது என்பதுதான் முக்கியம். 'டீச்சர் முதல் பேரைக் கூப்பிட்டார்' என்று வலப்பக்கம் முடிய வேண்டும், பக்கத்தைத் திருப்பினால்தான் 'மே' வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் சிரிப்பு பாதியாகிவிடும். இதைச் செய்யும்போதே எந்த வரி தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும். நீளத்துக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கான முதல் நிலைக் கதைகள் சுமார் 250 சொற்களுக்குள்தான் இருக்கும், அடுத்த நிலை 600 வரை. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துக் கொடுத்த சின்னப் புத்தகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எழுதிய பிறகு குழந்தைகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சொந்தப் பேரப்பிள்ளைகளிடம் வேண்டாம், அவர்கள் பாட்டி மடியில் உட்கார்ந்தால் எதையும் கேட்பார்கள். கிளை நூலகத்திலோ வேறு தெரு அங்கன்வாடியிலோ, தெரியாத பிள்ளைகளிடம். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, எந்த வரியில் தலைகள் திரும்புகின்றன என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அத்தை பார்க்காமல் சொல்லும்போது எழுத்தில் இல்லாத வரிகள் வாயில் வந்துவிழும். அதை விடாமல் போனில் பதிவு செய்யுங்கள், பெரும்பாலும் அதுதான் நல்ல வரியாக இருக்கும்.

எங்கே அனுப்புவது? முதலில் ஒரு கதை பத்திரிகையில் வரட்டும். அம்புலிமாமா, கோகுலம், சுட்டி விகடன் எல்லாம் நின்றுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, ஆனாலும் தினமணியின் சிறுவர்மணி, தினமலரின் சிறுவர்மலர், இந்து தமிழ் திசையின் மாயாபஜார் என்று வழிகள் இருக்கின்றன. புத்தகத்துக்கு, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், சிறார் நூல்களுக்காகவே இயங்கும் வானம் பதிப்பகம், சென்னையின் துலிகா, பிறகு நேஷனல் புக் ட்ரஸ்ட். ஒவ்வொருவருக்கும் ஒரு விதி இருக்கும், சிலர் சில மாதங்களில் மட்டும் வாங்குவார்கள், அதை முதலில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் படிக்க வரும் எழுத்து முறையில், தட்டச்சு செய்த கோப்பு, சிறந்த ஒன்றோ இரண்டோ கதை, கூடவே அத்தை யார் என்று நாலு வரி. அங்கன்வாடியில் வேலை பார்த்தவர் என்பது அந்த நாலு வரியில் கட்டாயம் இருக்கட்டும். படம் வரைந்து அனுப்ப வேண்டாம், தெரிந்த பையனிடம் காசு கொடுத்து வரையச் சொல்லவும் வேண்டாம், ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும். பதில் வர மூன்று நாலு மாதம் ஆகும், அதற்கு மேலும் ஆகும். வராமலும் போகும், அப்போது அடுத்தவருக்கு அனுப்புங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர முடிந்தால் அத்தையை அழைத்து வாருங்கள், சிறார் அரங்குகளில் நின்று நாலு புத்தகத்தைப் புரட்டினாலே எந்தப் பதிப்பகத்துக்குத் தன் கதை பொருந்தும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஸ்டோரிவீவரில் நாமே கதையை ஏற்றலாம், அங்கிருக்கும் படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம், செலவில்லை. ஆனால் அங்கே ஏற்றினால் அது திறந்த உரிமம், எழுதியவர் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். பதினாலில் ஒன்றை அங்கே கொடுங்கள், நிறையப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும். ஆட்டுக்குட்டிக் கதையை மட்டும் இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையான கஷ்டம் என்று நினைக்கிறேன். 'ஏமாத்துறாங்க' என்று ஆரம்பித்தால், தன் கதையை யாரும் நிஜமாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் அவர் காதில் விழும். இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் பிள்ளைகளுக்கு எழுதினார், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியபோதும் அவர் வங்கி ஊழியர்தான். நம் குழந்தை இலக்கியம் வேறு வேலை பார்த்தவர்கள் வளர்த்தது, அத்தை அந்த வரிசையில் வருகிறவர்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பூனை பற்றி ஒரு கதை எழுதிப் படமும் அவளே வரைந்திருக்கிறாள். 'இளம் எழுத்தாளர் சாதனை' என்று சான்றிதழோடு புத்தகம் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. செய்யலாமா?
– ஒரு அப்பா, திருப்பூர்

பதில்: சாதனைச் சான்றிதழ் வேண்டாம் சார். பக்கத்திலுள்ள டிஜிட்டல் அச்சுக்கடையில் கொடுத்தால் இருபது பிரதி வண்ணத்தில் எடுத்து, நடுவில் ஊசி அடித்துத் தருவார்கள். வகுப்புத் தோழர்களுக்கும் தாத்தா பாட்டிக்கும் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், பள்ளி நூலகத்துக்கும் ஒன்று. எழுத்துப்பிழையை நீங்கள் திருத்தலாம், வாக்கியத்தைத் திருத்தாதீர்கள், பூனை ஏன் தோசை சாப்பிட்டது என்று விளக்கமும் கேட்காதீர்கள். சாதனை என்று மேடையேற்றிவிட்டால் அடுத்த கதை எழுத உட்காரும்போது அது நினைவுக்கு வந்து தடுக்கும், குழந்தைகள் அதை வெளியே சொல்வதில்லை. எங்காவது கையெழுத்துப் போடச் சொன்னால் ஒன்றை மனதில் வையுங்கள்: எழுதியது ஒன்பது வயசுப் பிள்ளையானாலும் பதிப்புரிமை அவளுடையதுதான், பாதுகாவலராக நீங்கள் போடும் கையெழுத்து அவள் சொத்தைப் பற்றியது.

கேள்வி: என் தம்பியின் சிறுவர் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, பணம் எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் '5,000 ரூபாய்க்கு அனைத்து உரிமைகளும்' என்று ஒரே வரி இருக்கிறது. சந்தோஷத்தில் கையெழுத்துப் போடப் போகிறான். போடலாமா?
– ஓர் அக்கா, தஞ்சாவூர்

பதில்: முதலில் தம்பிக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள், அதனால் எந்தப் பதிப்பகமும் கோபித்துக்கொள்ளாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய நிமிஷமே உரிமை அவனுடையது, பதிவு செய்யாவிட்டாலும். அவன் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 வருஷமும் அது நீடிக்கும். 'அனைத்து உரிமைகளும்' என்ற வரியில் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், மின்னூல், அனிமேஷன், பாடநூலில் சேர்ப்பது எல்லாமே போய்விடலாம். சிறுவர் நாவலுக்கு இவைதான் பின்னால் வரும் வருமானம், முதல் பதிப்பில் வருவது கொஞ்சம்தான்.

எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்கிறது, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்கிறது. வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ஆனால் இதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம், பின்னால் வாதாடுவதைவிட இப்போதே எழுதி வாங்குவது சுலபம். தமிழில் அச்சுநூலாக வெளியிடும் உரிமை மட்டும், மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு, ராயல்டி இத்தனை சதவீதம், கணக்கு வருஷத்துக்கு ஒரு முறை, எழுத்தாளர் பிரதிகள் இத்தனை என்று ஒரு பக்கத்தில் எழுதி மரியாதையாக அனுப்பச் சொல்லுங்கள். அரசு நூலகங்களுக்காகப் புத்தகத்தை மொத்தமாக வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அதற்கும் ராயல்டி உண்டு என்பதைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், மறந்துபோவது பெரும்பாலும் அந்த வரிதான். 5,000 ரூபாயை முன்பணமாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.