ரம்பொடை ஏற்றத்தில் கறுப்புப் புகை: டர்போ போடலாமா?

கேள்வி: புறக்கோட்டையிலிருந்து நுவரெலியாவுக்குப் பலசரக்கு ஏற்றுகிறேன். லொறி, 4டி31 எஞ்சின் உள்ள பழைய மிட்சுபிஷி கேன்டர். ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு வந்துவிடுகிறது, பின்னால் ஒரே கறுப்புப் புகை. பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய டர்போ பார்த்து வைத்திருக்கிறேன். போடலாமா அண்ணன்?
— வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அந்தக் காசை அப்படியே வைத்திருங்கள்.

உங்கள் எஞ்சின் 3.3 லீற்றர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாதது, தானாக இழுக்கும் காற்றை மட்டும் நம்பி ஓடுவது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். கொழும்பில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கு அங்கே குறைவு. ஆனால் டீசல் அடிக்கும் பழைய பம்புக்கு அது தெரியாது, கொழும்பில் அடிக்கிற டீசலை அங்கேயும் அடிக்கும். எரியக் காற்றுப் போதாத டீசல்தான் கறுப்பாக வெளியே வருகிறது. அதனால் மலையில் லேசாகப் புகைத்தால் பயப்பட வேண்டாம். பேலியகொடையில் சமதரையிலேயே புகைத்தால்தான் கோளாறு.

முதலில் எயார் ஃபில்டரை மாற்றுங்கள், தட்டிப் போடாதீர்கள். டீசல் ஃபில்டரும் புதிது. அப்புறம் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு நொசிலையும் கழற்றி டெஸ்டரில் வைத்து, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நொசில் பனிமூட்டம் போலப் பீய்ச்சும், அடித்து முடிந்ததும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது ஒரு கோடாக அடித்துவிட்டு நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிடும். கூடவே வால்வ் இடைவெளியையும் பம்ப் டைமிங்கையும் சரிபார்த்தால், பாதிக்கு மேற்பட்ட லொறிகளில் போன இழுவை இவ்வளவிலேயே திரும்பி வந்துவிடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் இடறாது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டுவது. என் லொறிக்கு ஒரு கராஜில் அப்படிச் செய்து தந்தார்கள், ஒரு வாரம் பறந்தது, இரண்டாம் வாரம் கடுகண்ணாவையில் முழுப் பாரத்தோடு நின்றது. கழற்றினால், கூடுதல் டீசலின் சூட்டில் மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு மெழுகுதிரி போல் உருகியிருந்தது. அந்தப் பிஸ்டனை இன்னும் வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வி கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் கையில் கொடுப்பேன்.

டர்போவும் இதே சூட்டைத்தான் கொண்டுவரும். தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வரும் எஞ்சின்களில் பிஸ்டன் வேறு, பல எஞ்சின்களில் பிஸ்டனுக்கு அடியில் ஒயில் பீய்ச்சிக் குளிரவைக்கும் ஏற்பாடும் இருக்கும். அது எதுவும் இல்லாத பழைய எஞ்சினில் டர்போவை மட்டும் பூட்டினால் ஹெட் கேஸ்கட், கிளட்ச் என்று ஒவ்வொன்றாக விலை கேட்கும். உண்மையிலேயே கூடுதல் பலம் வேண்டுமென்றால் நல்ல நிலையில் உள்ள பெரிய எஞ்சினை, உதாரணத்துக்கு 4.2 லீற்றர் 4டி33ஐ, முழுதாக மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எஞ்சின் இலக்கம் மாறுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய மறக்காதீர்கள், பிறகு விற்கப் போகும்போதுதான் அந்தத் தலையிடி தெரியும்.

கேள்வி: எஞ்சின் ஒயில் குறைந்துகொண்டே போகிறது. ரிங்ஸ் போய்விட்டதா?
— வாசகர், வத்தளை

பதில்: எஞ்சின் சூடேறியதும் ஓடவிட்டபடியே ஒயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயிலேயே சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, வாயிலிருந்து புகையும் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்ஸும் பிஸ்டன் ஓடும் குழாயான லைனரும் தேய்ந்துவிட்டன, வேலைக்கு ஆயத்தமாகுங்கள். துள்ளவில்லை, ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை என்றால், வால்வ் வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலைச் சந்தேகப்படுங்கள், அது சின்ன வேலை. ஒயில் குச்சியையும் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்குமேல் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விட்டார்கள். சரியா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. திரும்பப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசல் ஒழுங்காக எரியாது, லைனரும் சீக்கிரம் தேயும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ரேடியேற்றர்தான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபேன் பெல்ட்டையும் தண்ணீர்ப் பம்பையும் பாருங்கள்.