முதலில் ஃப்ளாஸா, பிரஷ்ஷா? பல் மருத்துவர் பதில்கள்

இரவில் பல் தேய்த்த பிறகுதான் ஃப்ளாஸ் (பல் இடுக்கை நூலால் சுத்தம்) செய்கிறேன். முதலில் ஃப்ளாஸ், அப்புறம்தான் பிரஷ் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். எது சரி, டாக்டர்?

என் ஓட்டு உங்கள் மகளுக்குத்தான். ஒவ்வொரு கடைவாய்ப் பல்லுக்கும் ஐந்து பக்கங்கள் உண்டு. கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றுக்கும் பிரஷ் எட்டும். பக்கத்துப் பற்களோடு ஒட்டி நிற்கும் மற்ற இரண்டு பக்கங்களுக்குள் அது நுழையாது. அங்கே படியும் கிருமிப் படலத்தை முதலில் நூலால் வழித்தெடுத்துவிட்டால், பின்னால் வரும் பேஸ்ட்டில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு இடுக்கு வரை போய்ச் சேரும். ஈரானின் மஷ்ஹத் நகரில் 25 பல் மருத்துவ மாணவர்களை இரண்டு முறையிலும் மாற்றி மாற்றிச் செய்யவைத்துப் பார்த்தார்கள். ஃப்ளாஸ் முதலில் செய்தபோது இடுக்கில் படலம் குறைவாகவும் ஃபுளோரைடு கூடுதலாகவும் இருந்தது. 2018இல் வெளியான ஆய்வு அது. சிறிய ஆய்வுதான், ஆனால் நாற்காலியில் தினமும் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

எதை முதலில் செய்தாலும் ஒழுங்காகச் செய்தால் போதும் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிலை. அதனால் இத்தனை நாள் செய்தது வீண் என்று நினைக்க வேண்டாம். பிரஷ்ஷுக்குப் பிறகு ஃப்ளாஸ் செய்பவர்களிடம் எனக்குள்ள கவலை வேறு. இடுக்கிலிருந்து வெளியே வந்ததைத் துப்புவதற்காக வாயை நன்றாகக் கொப்பளித்து, பூசிய ஃபுளோரைடையும் கழுவிவிடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் ‘பல்தான் தேய்ச்சாச்சே’ என்று நூலை விட்டுவிடுகிறவர்களும் நிறைய.

இன்னொன்று. மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. வரிசையை மாற்றுவதற்கு முன்னால், உங்கள் பேஸ்ட் டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பல் தேய்த்ததும் எத்தனை முறை கொப்பளிக்க வேண்டும்?

ஒருமுறைகூட வேண்டாம். நுரையை நன்றாகத் துப்பினால் போதும். வாஷ்பேசினில் நின்று நாலைந்து தடவை கொப்பளித்தே பழகிய நமக்கு இது சங்கடமாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அடுத்த அரை மணி நேரம் எதையும் குடிக்காமல் இருந்தால் நல்லது. மவுத்வாஷ் பயன்படுத்துகிறவர்கள் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஸ் செய்யும்போது ரத்தம் வருகிறது. பயந்து நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியதால்தான் இன்னும் வரும். ஆரோக்கியமான ஈறு, மெதுவாக நூல் பட்டால் கசியாது. கசிகிறது என்றால், அங்கே தேங்கிய படலத்தால் ஈறு வீங்கியிருக்கிறது என்று பொருள். தினமும் விடாமல் சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்கவில்லையா, படலம் காரையாக இறுகியிருக்கலாம். அது நூலுக்கோ பிரஷ்ஷுக்கோ வராது, பல் மருத்துவர் கருவியால் சுரண்டியெடுக்கும் ஸ்கேலிங்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் கசியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நூலைப் பிடிக்கும் விதமும் முக்கியம். சுமார் 45 செ.மீ. வெட்டி இரண்டு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, நடுவில் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் விடுங்கள். ‘டக்’கென்று அழுத்தினால் ஈறு அறுபடும். முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து இறக்கி, நூலைப் பல்லோடு பிறை போல வளைத்து, ஈறின் ஓரத்துக்குச் சற்றுக் கீழிருந்து மேலே நாலைந்து முறை வழித்தெடுங்கள். அதே இடுக்கில் எதிர்ப் பல்லுக்கும் இதையே செய்யுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது அந்த இரண்டாவது பல்லைத்தான். ஒவ்வொரு இடுக்குக்கும் நூலின் புதுப் பகுதி வேண்டும். கடைசிக் கடைவாயிலிருந்து எடுத்த நூலை ஒருமுறை முகர்ந்து பாருங்கள், வாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

மட்டன் சாப்பிட்டால் எப்போதும் ஒரே இடத்தில் நார் மாட்டுகிறது. ஊக்கால் எடுத்துவிடுவேன். சரியா?

ஊக்கு, தீக்குச்சி, விசிட்டிங் கார்டு முனை எதுவுமே வேண்டாம். ஈறில் குத்திச் சீழ் வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை யோசிக்கவைப்பது ‘ஒரே இடம்’ என்பதுதான். அந்த இடுக்கில் சொத்தை தொடங்கியிருக்கலாம், பழைய ஃபில்லிங்கின் ஓரம் உடைந்திருக்கலாம், பல் விலகியிருக்கலாம். இடுக்குச் சொத்தை கண்ணாடியில் தெரியாது. மேலே எனாமல் முழுசாக இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால்தான் இரண்டு பற்களும் தொடும் இடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் தெரியும். வலி வருவதற்கு முன்பே போனால் ஒரு ஃபில்லிங்கோடு முடியும், வலி வந்தபின் என்றால் பெரும்பாலும் வேர் சிகிச்சைதான். இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

ஃப்ளாஸால் பயன் என்று நிரூபணமே இல்லை என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி. உண்மையா? எனக்கு வயது 62.

2016இல் அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒன்று, ஆய்வுகள் பலவீனமானவை என்று எழுதியது. அவர் சொல்வது அதுவாக இருக்கலாம். பலவீனம் என்றது உண்மைதான். ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோரைக் கண்காணிக்கும் ஆய்வை யாரும் எளிதில் நடத்திவிட முடியாது. அதற்காகப் பயனில்லை என்றாகிவிடாது. காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2019இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிரஷ்ஷோடு ஃப்ளாஸும் சேர்ந்தால் ஈறு வீக்கம் குறையக்கூடும் என்றது. இடுக்கு பிரஷ்கள் அதைவிட மேலாக இருக்கலாம் என்றும் சொன்னது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்தக் கடைசி வரியைத்தான். இந்த வயதில் ஈறு இறங்கி இடைவெளி அகன்றிருந்தால் நூலைவிடச் சின்ன இடுக்கு பிரஷ்தான் வசதி. இடைவெளிக்கு ஏற்ற அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், திணிக்கக் கூடாது. பிரிட்ஜ் கட்டியவர்களுக்கும் கிளிப் போட்டவர்களுக்கும் முனை விறைப்பான தனி ஃப்ளாஸ் கிடைக்கிறது.

எங்கள் ஊரில் ஃப்ளாஸ் கிடைப்பதில்லை. தையல் நூல் போதுமா?

வேண்டாம். இடுக்கில் அறுந்து, இழை உள்ளேயே தங்கும். ஃப்ளாஸ் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னதும் பட்டு நூலைத்தான். பக்கத்து டவுன் மருந்துக் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

தர்மபுரியில் இருக்கிறோம். தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். குழந்தைக்கு ஃபுளோரைடு பேஸ்ட் தரலாமா? வயது 4.

நியாயமான பயம். பல்லில் பழுப்புக் கறை வருவது, தாடைக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில், சுமார் 8 வயது வரை, வயிற்றுக்குள் போகும் ஃபுளோரைடால். தேய்த்துத் துப்பும் பேஸ்ட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஆக, விழுங்காமல் பார்த்துக்கொள்வதே உங்கள் வேலை. பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவுதான். நீங்களே கையில் எடுத்துப் பூசுங்கள், டியூபைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். போர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றால் அதைப் பரிசோதித்து, அளவைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பற்கள் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இப்போதே ஃப்ளாஸும் தொடங்கலாம், ஆனால் எட்டு, பத்து வயது வரை அதை நீங்கள்தான் செய்துவிட வேண்டும்.