வாசகர் கேள்வி – பதில்: போதகருக்கு எதிர்ப்பு, எதுவரை நியாயம்?

எங்கள் ஊரில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர், தன்பாலின ஈர்ப்பு பிசாசின் பிடி என்றும், அப்படிப்பட்ட பிள்ளைகளை உபவாச ஜெபத்துக்கு அழைத்து வந்தால் விடுதலை வாங்கித் தருவதாகவும் பேசினார். அந்தக் காணொளி பரவிப் பலரும் கண்டிக்கவே, அடுத்த கூட்டத்துக்குக் கல்யாண மண்டபத்தார் இடம் தர மறுத்துவிட்டார்கள். சபையில் இதை உபத்திரவம் என்கிறார்கள். நானும் அதே சபையைச் சேர்ந்தவள்தான். ஆனால் அவர்கள் சொல்வதை என் மனம் ஏற்கவில்லை. – ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் மனம் ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் போதகர் ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைச் செய்திருக்கிறார். தன்பாலின உறவு பாவம் என்று வேத வசனத்தைக் காட்டிச் சொல்வது அவருடைய நம்பிக்கை. அதை மறுக்கலாம், சபையை விட்டு விலகலாம், ஆனால் சொல்லவே கூடாது என்று தடுக்க முடியாது. பிள்ளைகளை அழைத்து வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்பது அப்படியன்று. அது ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டு, பலர் நடுவில் நிறுத்தி, அதன் இயல்பையே பிசாசு என்று அதன் காதில் ஓதுகிற வேலை. அந்தக் கூட்டத்தில் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கக்கூடும் என்பதை, உபத்திரவம் என்று வருந்துகிறவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவு, பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு மருத்துவர் இதைச் செய்தால் அவரைக் கேள்வி கேட்க ஒரு மன்றம் இருக்கிறது. அதையே ஒரு போதகரோ சோதிடரோ சாமியாரோ செய்தால் அப்படி எந்த மன்றமும் இல்லை. கேள்வி கேட்க வேண்டியவர்கள் சபையாரும் ஊராரும்தான். கண்டித்து எழுதியவர்கள் செய்தது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன். ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே கேட்கும்படி பேசியவர், ஊரிலிருந்து மறுமொழி வந்ததும் அதை உபத்திரவம் என்பது அந்தச் சொல்லுக்கே செய்கிற அவமரியாதை. உண்மையாகவே உபத்திரவப்படுகிற சபைகள் நாட்டில் இருக்கின்றன.

இந்த எதிர்ப்பு சபைக்கு வெளியிலிருந்து மட்டும் வருவதுமில்லை. ஈர்ப்பை ஜெபத்தால் மாற்றலாம் என்று பல ஆண்டுகள் அமெரிக்காவில் ஊழியம் செய்த 'எக்சோடஸ் இன்டர்நேஷனல்' என்னும் கிறித்தவ அமைப்பு 2013 ஜூனில் தன்னைத்தானே மூடிக்கொண்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தங்களால் புண்பட்டவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தன்பாலின உறவை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல்கூட, இத்தகையவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்றே சொல்கிறது. உங்கள் சபை மூப்பர்களிடம் நீங்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

மண்டப விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. 2020இல் பிரிட்டனில், தன்பாலின உறவைப் பாவம் என்று பேசிவந்த அமெரிக்கப் போதகர் பிராங்க்ளின் கிரகாமின் கூட்டங்களுக்கு ஒத்துக்கொண்டிருந்த அரங்கங்கள் எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கின. கிளாஸ்கோ அரங்கத்தின்மீது அவரது அமைப்பு வழக்குத் தொடர்ந்து 2022இல் வென்று, ஏறத்தாழ 97,000 பவுண்டு இழப்பீடு பெற்றது. நம் ஊர்த் தனியார் மண்டபக்காரருக்கு அந்நாட்டுச் சட்டம் பொருந்தாது. தன் இடத்தை யாருக்குத் தருவது என்பது அவர் பாடு. ஆயினும் பேச்சைக் கண்டிப்பதோடு நில்லாமல் பேசுகிறவருக்கு இடமே இல்லாமல் செய்யும்போது, அவர் பேசியது மறந்துபோய், அவர் பாதிக்கப்பட்ட கதைதான் ஊரில் நிற்கிறது. போதகரின் கைப்பேசி எண்ணைப் பரப்புவதையும், அவர் வீட்டுப் பெண்களைப் பழிப்பதையும் எதிர்ப்பு என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெபக் கூட்டம் எதுவானாலும் நிறுத்தக் காத்திருப்பவர்கள் இந்தக் கோபத்திலும் வந்து சேர்ந்துகொள்வார்கள். தன் வீட்டுப் பிள்ளை இப்படி என்று தெரிந்தால் அன்றைக்கே வரன் பார்க்கக் கிளம்புகிறவர், போதகரின் காணொளியைப் பகிர்ந்து முற்போக்கு பேசுவார். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயது வந்தவர்களின் விருப்ப உறவுக்குச் செல்லாது என்ற டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒரு சோதிடரும், முஸ்லிம் தனிச்சட்ட வாரியமும், கிறித்தவ சபைக் கூட்டமைப்புகளும் இருந்தார்கள். வேறெதிலும் ஒத்துப்போகாத இவர்கள் 2013இல் அந்த வழக்கில் ஒரே பக்கம் நின்று வென்றார்கள். ஆகவே இதை ஒரு மதத்தின் குற்றமாக எழுதுகிறவரைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

அப்படிப் பேசுகிறவர்மீது காவல் நிலையத்தில் வழக்குப் போட முடியாதா? – ஒரு கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

திருநர்களைச் சொல்லாலோ செயலாலோ துன்புறுத்தினால், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடம் தருகிறது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்கென்று அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. பிள்ளையை அடைத்துவைத்தாலோ அடித்தாலோ சாதாரணக் குற்றச் சட்டமே போதும். அங்கே தயங்காமல் புகார் கொடுங்கள். வெறும் பிரசங்கத்துக்காக வழக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுவீடனில் ஓக்கே கிரீன் என்ற போதகர் 2003இல் தன்பாலின உறவை இழிவாகப் பேசிப் பிரசங்கித்ததற்காக ஒரு மாதச் சிறைத்தண்டனை பெற்றார், மேல்முறையீட்டில் விடுதலையானார், 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சிறிய ஊர்ச் சபையொன்றில் பேசியவரை உலகமெங்கும் அறியச் செய்தது அந்த வழக்குத்தான்.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து இறங்கிய சரக்குத்தானே? போதகர் சொன்னதில் பாதி சரிதான் என்பது என் எண்ணம். – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, இறங்கிய சரக்கு 377ஆம் பிரிவுதான். 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்த அதை, விருப்பத்தோடு கூடும் வயது வந்தவர்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. அரவான் நோம்பிக்குக் கூவாகம்வரை போகவும் வேண்டியதில்லை. கோவை சிங்காநல்லூரிலேயே நடக்கிறது. அரவானைக் கும்பிடுகிற ஊரில் திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது எளிதா என்பது வேறு கேள்வி.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். என் மகனுக்கு 20 வயது. தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்று சொல்லிவிட்டான். கோபியில் பேசிய அந்தப் போதகரிடமே கூட்டிப்போகச் சொல்கிறாள் என் அக்கா. அவன் வீட்டை விட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தாய், திருப்பூர்

அம்மா, கூட்டிப்போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு யாரிடமும் மருந்து கிடையாது. பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்கிறான் என்றால், போதகரைவிட, அக்காவைவிட உங்களைத்தான் அவன் நம்பியிருக்கிறான். வீட்டை விட்டுப் போவது பெரும்பாலும் கட்டாயக் கல்யாணப் பேச்சோ 'மாற்றும்' முயற்சியோ தொடங்கிய பிறகுதான். அவன் வயது வந்தவன். விருப்பமில்லாமல் எங்கும் கொண்டுபோக யாருக்கும் உரிமையில்லை. உங்கள் அக்காவிடம், மருத்துவர்களே செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்ட வேலை இது என்று சொல்லுங்கள்.

உங்கள் பயத்தைப் பேச ஆள் வேண்டுமானால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உறவினர்கள் மிரட்டினால் திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண் என்பதால் வருமானக் கணக்குக் கேட்காமலே உங்களுக்கு இலவச வழக்கறிஞர் தருவார்கள். அலுவலகம் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கும், ஷிப்ட் நேரத்துக்கு ஒத்துவராது என்று தள்ளிப்போடாதீர்கள்.