தலைவர்கள் பறக்கும் விமானத்துக்கு ஏன் இத்தனை கோடி? கேள்வி பதில்

அரசுக் கொள்முதல் தணிக்கையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். பிரதமர், அதிபர் போன்றோருக்கு விமானமும் ஹெலிகாப்டரும் வாங்கும் செலவு பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

சார், அமெரிக்க அதிபருக்கு இரண்டு போயிங் 747 விமானங்களுக்கு 390 கோடி டாலர் என்று படித்தேன். விமானத்தின் விலையே அவ்வளவா?

இல்லை. விமானத்தின் விலை அதில் சிறு பகுதிதான். அந்த இரண்டுமே அதிபருக்கென்று கட்டியவை அல்ல. ரஷ்யாவின் டிரான்ஸ்ஏரோ நிறுவனத்துக்காகக் கட்டியவை. அந்த நிறுவனம் 2015-ல் நொடித்துப்போக, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் நின்றன. 2017-ல் அமெரிக்க விமானப்படை அவற்றை வாங்கியது. 390 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது 2018-ல்.

பணம் போவது அதற்குப் பிந்தைய மாற்றங்களுக்கு. ரகசியத் தொலைத்தொடர்பு, ஏவுகணைத் தடுப்பு, அணுகுண்டு வெடிப்பின் மின்காந்த அலையைத் தாங்கும் வயரிங், மருத்துவ அறை, விமான நிலையத்தின் உதவியில்லாமல் ஏறி இறங்கச் சொந்தப் படிக்கட்டு. உள்ளே இறங்கி வேலை செய்கிற தொழிலாளிக்குக்கூட உயர்மட்டப் பாதுகாப்பு அனுமதி வேண்டியிருந்தது. அந்த அனுமதி கிடைத்த ஆட்கள் போதாமல் வேலை தேங்கியதும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

ஒப்பந்தம் நிலையான விலைக்குத்தானே போடப்பட்டது? அப்படியென்றால் மக்கள் பணம் தப்பித்தது என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். 2016 டிசம்பரில், பதவி ஏற்கும் முன்பே, டிரம்ப் "செலவு கைமீறிப் போகிறது, ஆர்டரை ரத்து செய்யுங்கள்" என்று ட்விட்டரில் எழுதினார். அந்த அழுத்தத்தில்தான் நிலையான விலை வந்தது. வானில் பறந்தபடி எரிபொருள் நிரப்பும் வசதியும் செலவைக் குறைக்கக் கைவிடப்பட்டது. கூடுதல் செலவு போயிங் தலையில் விழுந்தது; இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இந்த ஒப்பந்தத்தை ஏற்றிருக்கவே கூடாதோ என்று அதன் தலைமை அதிகாரியாக இருந்த டேவ் கால்ஹூன் 2022-ல் வெளிப்படையாகச் சொன்னார். உட்புற வேலை எடுத்த துணை ஒப்பந்ததாரர் 2021-ல் திவாலானார்.

ஆனால் 2024-ல் வரவேண்டிய விமானங்கள் வரவில்லை. அவை வரும்வரை 1990-ல் பணிக்கு வந்த பழைய 747-200 விமானங்களைத்தான் ஓட்டவேண்டும். அந்த ரகம் உலகத்தில் அநேகமாக வேறெங்கும் பறக்கவில்லை. உதிரி பாகங்களுக்கு அலைகிற செலவு போயிங்கின் கணக்கில் ஏறாது, விமானப்படையின் கணக்கில்தான் ஏறும். ஒப்பந்தத் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

அதிபர் விமானத்துக்கு 2.4 கோடி டாலரில் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள் என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. பழைய விமானத்தில் ஐந்து குளிரூட்டும் பெட்டிகள் உண்டு. அதில் இரண்டை மாற்ற 2017 டிசம்பரில் அந்தத் தொகைக்கு ஆர்டர் போனது, 2018-ல் ரத்தானது. கடையில் கிடைக்கிற பெட்டி இது இல்லை. வெளியிலிருந்து எதுவும் ஏற்றாமல் சுமார் 3,000 வேளைச் சாப்பாட்டை வைத்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த எண்ணை ஒருமுறை பட்டியலில் எழுதிவிட்டால், அதை நிறைவேற்றும் பெட்டியைத் தனியாக வடிவமைத்து, சோதித்து, சான்று வாங்கவேண்டும். பெட்டியின் விலையைத் திட்டுகிறோம். 3,000 என்று எழுதியது யார், இன்றைக்கும் அது தேவையா என்று கேட்பதில்லை. நான் பார்த்த கோப்புகளில் எல்லாம் செலவு பிறக்கிற இடம் தேவைப் பட்டியல்தான். அதில் ஒரு வரி சேர்ப்பவர் அதற்குப் பணம் தேடவேண்டியவர் அல்ல. வரியை அடிக்கவோ யாருக்கும் துணிவு வராது. நாளைக்கு ஏதாவது நடந்தால் "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்" என்ற கேள்வி வரும் அல்லவா?

ஐயா, ஒபாமா ஒரு ஹெலிகாப்டர் திட்டத்தையே நிறுத்தினாராமே?

ஆமாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வியும் இதோடு சேர்ந்தது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதிபரின் பழைய ஹெலிகாப்டர்களை அவசரமாக மாற்றவேண்டும் என்று முடிவானது. 2005 ஜனவரியில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் தேர்வானது. அது கொடுத்தது ஐரோப்பாவின் ஏ.டபிள்யூ.101, அமெரிக்கப் பெயர் வி.எச்.71. தோற்றது சிகோர்ஸ்கி நிறுவனத்தின் எஸ்-92. மொத்தம் 28 ஹெலிகாப்டர், 610 கோடி டாலர். அப்புறம் தேவைகள் ஏறின. தொலைத்தொடர்புக் கருவி, பாதுகாப்புக் கருவி என்று ஒவ்வொன்றும் எடையைக் கூட்டியது. எடை கூடினால் போகும் தூரம் குறையும். தூரத்தை மீட்க எஞ்சினையும் சுழல் இறக்கையையும் மாற்றவேண்டும். அதை மாற்றினால் சோதனைகளை மறுபடி செய்யவேண்டும். 2009-க்குள் மதிப்பீடு 1,300 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் செனட்டர் மெக்கெய்ன் இதை ஒபாமாவின் முகத்துக்கு நேரே எழுப்பினார். இப்போது இருக்கும் ஹெலிகாப்டரே எனக்குப் போதும் என்றார் ஒபாமா. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தை ரத்து செய்தார். அணுகுண்டுத் தாக்குதலுக்கு நடுவே பறந்துகொண்டே இரவுச் சாப்பாடு சமைக்கக்கூடிய ஹெலிகாப்டர் என்று பின்னாளில் அதை வர்ணித்தார். அதற்குள் சுமார் 300 கோடி டாலர் செலவாகியிருந்தது. கட்டி முடித்த ஒன்பதை 2011-ல் கனடா வாங்கியது, உதிரி பாகங்களுக்காக! விலை வெறும் 16.4 கோடி டாலர்.

இரண்டாம் முறை பாடம் கற்றார்கள். 2014-ல், முதலில் தோற்ற அதே எஸ்-92-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த மாடல், அடக்கமான பட்டியல், 23 ஹெலிகாப்டருக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர். எஞ்சின் சூட்டில் வெள்ளை மாளிகைப் புல்வெளி கருகும் என்ற சிக்கலால் அதிபர் அதில் ஏற 2024 ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஆனாலும் செலவு கட்டுக்குள் நின்றது.

நம் நாட்டு அகஸ்டா வெஸ்ட்லேண்ட் விவகாரமும் அதே ஹெலிகாப்டர்தானா? அதில் லஞ்சம் தவிர வேறென்ன இருக்கிறது?

அதே ஏ.டபிள்யூ.101-தான் தம்பி. நம் தலைவர்கள் பறக்க அகஸ்டா வெஸ்ட்லேண்ட் நிறுவனத்திடம் ஹெலிகாப்டர் வாங்கிய விவகாரம் அது. இங்கேயும் அது எஸ்-92-ஐத்தான் வென்றது. லஞ்ச வழக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இத்தாலியில் கைதான, அதன் தாய் நிறுவனமான ஃபின்மெக்கானிக்காவின் தலைவரை அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கோப்பு நகர்ந்த விதத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

1999-ல் விமானப்படை, வயதான எம்.ஐ.8 ஹெலிகாப்டர்களுக்கு மாற்று கேட்டது. 6,000 மீட்டர் உயரம் வரை பறக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரே ஒரு ஹெலிகாப்டர்தான் அதற்குப் பொருந்தியது. ஒருவரை மட்டும் வைத்து எப்படி விலை பேசுவது என்று 2003-ல் பிரதமர் அலுவலகம் கேட்டது. நியாயமான கேள்வி. உயரம் 4,500 மீட்டராகக் குறைந்தது. கூடவே உள்கூரையின் உயரம் 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என்பது சேர்ந்தது. 2006-ல் டெண்டர் விட்டு, சோதனை முடிந்து பார்த்தால் மறுபடியும் ஒரே ஒருவர்தான் மிச்சம். போட்டிக்காகச் செய்த மாற்றம் போட்டியைக் கொண்டுவரவில்லை என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. 2013 அறிக்கையில் எழுதியது. எட்டு என்றிருந்த எண்ணிக்கை பன்னிரண்டு ஆனதையும் கேள்வி கேட்டது.

2010 பிப்ரவரியில் 3,546 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம், 2014 ஜனவரி 1-ல் ரத்து. வந்தது மூன்று. தேவை எழுந்து பதினைந்து வருடம் கழித்து, தலைவர்கள் பறக்க அந்தப் புது ஹெலிகாப்டர் இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

பிரதமர் பறக்கும் 777 விமானங்களுக்கு 8,400 கோடி என்கிறார்கள். பழையபடி ஏர் இந்தியா விமானமே போதாதா?

இரண்டுக்கும் சேர்த்து, மாற்றங்கள் உட்பட, பரவலாகச் சொல்லப்படும் தொகை அது. அவையும் தனியாகக் கட்டியவை அல்ல. ஏர் இந்தியா 2006-ல் கொடுத்த ஆர்டரில் மிச்சமிருந்தவை. 2018-ல் சில மாதம் பயணிகளோடு பறந்துவிட்டு அமெரிக்கா போய் மாறி வந்தன. ஏவுகணைத் தடுப்புக் கருவிகளுக்கு மட்டும் அமெரிக்கா 2019-ல் ஒப்புதல் கொடுத்த மதிப்பு 19 கோடி டாலர்.

பழைய முறையும் இலவசம் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஏர் இந்தியா ஒரு 747-ஐச் சேவையிலிருந்து எடுத்து, இருக்கைகளைக் கழற்றி, மறுபடி மாட்டவேண்டும். அதற்கான பில்லை அரசுத் துறைகள் நேரத்துக்குக் கட்டவும் இல்லை. 2019 நவம்பர் கணக்கில் பாக்கி 800 கோடி ரூபாய்க்கு மேல். ஆகவே சொந்தமாக வைத்துக்கொள்வது என் பார்வையில் சரியான முடிவு. ஆனால் முழுச் செலவையும் வரி வரியாக நாடாளுமன்றத்தின் முன் வைக்கலாம். அதில் ரகசியம் உடையப்போவதில்லை.

மெக்சிகோ அதிபர் தன் விமானத்தை விற்றாரே, அப்படிச் செய்தால் என்ன?

வாங்குவதை விட விற்பது கடினம். 21.8 கோடி டாலருக்கு வாங்கிய 787 அது. அதிபர் லோபெஸ் ஒப்ரடோர் 2018-ல் பதவி ஏற்றதும் அதில் ஏற மறுத்து, சாதாரணப் பயணிகள் விமானத்தில் போனார். நல்ல எண்ணம்தான். ஆனால் தனிப்படுக்கை, குளியலறையோடு கட்டிய விமானத்தை எந்த ஏர்லைன்ஸ் வாங்கும்? லாட்டரிகூட நடத்திப் பார்த்தார்கள், பரிசு ரொக்கமாக. நிறுத்தி வைத்த காலம் முழுக்கப் பராமரிப்புச் செலவு ஓடியது. கடைசியில் 2023-ல் தஜிகிஸ்தான் அரசு சுமார் 9.2 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது.

கத்தார் அமெரிக்காவுக்கு 747-ஐச் சும்மா கொடுத்ததே, அது லாபம்தானே?

2025 மே மாதம் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முதல் பதிலில் சொன்ன வேலைகளில் எதை விட்டாலும் பாதுகாப்புக் குறையும், செய்தாலோ பணம். அதோடு, வேறொரு நாடு வைத்திருந்த விமானத்தை ஒட்டுக்கேட்புக் கருவி இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும். இன்னொரு அரசிடம் இவ்வளவு பெரிய பரிசு வாங்குவதே தவறு என்பது என் கருத்து.

பல நாடுகள் ஏன் இரண்டு வாங்குகின்றன? ஒன்று போதாதா?

பெரிய பராமரிப்புக்குப் போனால் விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் கிடக்கும். வெளிநாட்டில் பழுதானால் தலைவரை ஏற்றிவர மாற்று விமானமும் கைவசம் இருக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கச் சொல்லமாட்டேன்.