வீட்டு பிளானைப் பார்க்கும்போது அறை அளவுக்கு முன்னால் கதவுகளைப் பாருங்கள்

கேள்வி: "வீடு வாங்கப் போகிறோம். இரண்டு வீடுகளின் ஃப்ளோர் பிளான் கையில் இருக்கிறது. அறைகளின் நீள அகலம் தவிர எதுவும் புரியவில்லை. கட்டிடத் துறை தெரியாதவர்கள் பிளானை எப்படிப் படிப்பது?"

பல வருடங்களாக பிளான் வரைவதுதான் என் வேலை. ஆர்க்கிடெக்டும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. அவர்கள் முடிவு செய்வதைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் டிராஃப்டிங் வேலை. அதனால் "இவங்க யாரு சொல்றதுக்கு" என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் ஒரு கதவை எந்தப் பக்கம் திறக்க வைத்தால் எது இடிக்கும் என்று நாள் முழுக்க யோசிப்பது வரைகிறவர்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதை வைத்துப் பார்த்தால், இரண்டு பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிய பெட்ரூம், எது பெரிய ஹால் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் இதற்கும் இன்னொருவர் அதற்கும் ஓட்டுப் போட்டிருப்பார். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. என் சித்தி மகள் வீட்டிலும் இதுதான் நடந்தது.

அவள் கையிலும் இரண்டு பிளான். ஒன்றில் பெட்ரூம் 13க்கு 12 அடி. இன்னொன்றில் 10½க்கு 12. "அக்கா, முப்பது சதுர அடி வித்தியாசம். இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஏற்கெனவே பெரிய அறை வீட்டுக்கு மனதளவில் குடிபோய்விட்டார். எனக்கு அந்த பிளானைப் பார்த்ததுமே உறுத்தியது. நாலு சுவரிலும் ஏதோ ஒன்று இருந்தது.

நுழைகிற சுவரின் நட்டநடுவில் மூன்றடிக் கதவு. இடப்பக்கச் சுவரின் நடுவில் பாத்ரூமுக்கு இரண்டரை அடிக் கதவு. எதிர்ச் சுவரில் பால்கனிக்குப் போகிற அகலமான கண்ணாடிக் கதவு. வலப்பக்கச் சுவர் முழுக்க இரண்டடி ஆழத்துக்கு வார்ட்ரோப். சரி, கட்டில் எங்கே? இருவர் படுக்கிற கட்டில் குறைந்தது ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். இடப்பக்கச் சுவர் பன்னிரண்டு அடி. நடுவில் பாத்ரூம் கதவு போனால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது நாலே முக்கால் அடிதான். கட்டில் நுழையாது. நுழைகிற சுவரில் கதவுக்கு இடது பக்கம் சரியாக ஐந்தடி இருக்கிறது. அங்கே தலைமாட்டை வைத்தால் கட்டில் நீண்டு பாத்ரூம் கதவை மறித்துவிடும். வலது பக்கம் வார்ட்ரோப் ஆழம் போக மூன்றடிதான். மிச்சமிருப்பது கண்ணாடிக் கதவின் முன்னால் அல்லது வார்ட்ரோபின் முன்னால். 156 சதுர அடி அறையில் ஒரு கட்டில் போட இடமில்லை.

"ஆனா பிளான்லயே கட்டில் போட்டிருக்காங்களே அக்கா" என்றாள். ஆமாம், போட்டிருந்தார்கள். பாத்ரூம் கதவைத் தாண்டி, இடப்பக்கச் சுவரில், பக்கத்தில் ஒரு குட்டி மேஜை விளக்கோடு அழகாக இருந்தது. ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூன்றடிக் கதவு காகிதத்தில் 9 மில்லிமீட்டர் இருந்தது. அப்படியென்றால் ஒரு அடிக்கு 3 மில்லிமீட்டர். கட்டிலின் அகலம் 12 மில்லிமீட்டர், அதாவது நாலடி. நீளம் 17 மில்லிமீட்டர், ஐந்தே முக்கால் அடிகூட வரவில்லை. அவள் வீட்டுக்காரர் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஸ்கேலை அவர் கையிலேயே கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னேன். அளந்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை அளந்தார். அப்புறம் பேசவில்லை.

இந்த ஒரு வேலையை நீங்களும் இன்றைக்கே செய்யலாம். பிளானில் அளவு எழுதியிருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கதவோ சுவரோ. அதை வைத்து ஓர் அடி எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டுபிடியுங்கள். பிறகு வரைந்திருக்கும் கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். விளம்பரப் படத்தில் வரும் மேஜை நாற்காலி உண்மையான அளவில் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், "ரூம் சின்னதா தெரியுது, கட்டிலைக் கொஞ்சம் சுருக்கு" என்று என்னிடமே சொன்னார்கள். முடியாது என்றேன். அந்த ட்ராயிங் வேறொருவர் மேஜைக்குப் போய்விட்டது. இதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அந்தச் சின்ன அறைக்கு வருவோம். 10½ அடிச் சுவரில் தலைமாடு. கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டே முக்கால் அடி வழி. எதிர்ச் சுவரின் ஒரு கோடியில் நுழையும் கதவு, அந்தச் சுவரின் மீதி ஏழடிக்கு வார்ட்ரோப். கட்டிலுக்கும் வார்ட்ரோபுக்கும் நடுவே மூன்றரை அடி. பாத்ரூம் கதவு நுழைகிற மூலையை ஒட்டியே பக்கச் சுவரில். இன்னொரு பக்கச் சுவர் முழுசாக ஜன்னலுக்கு. நடக்கிற இடமெல்லாம் ஒரே மூலையில் அடங்கிவிட்டதால் மற்ற சுவர்கள் பிழைத்தன. அளவில் சின்ன அறை, புழங்குவதற்குப் பெரிய அறை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. 1928-ல் ஜெர்மனியில் அலெக்சாண்டர் கிளைன் என்ற ஆர்க்கிடெக்ட் பழைய பாணி பிளானையும் தன் பிளானையும் வைத்து, வீட்டில் இருப்பவர்கள் நடக்கிற பாதைகளை அவற்றின் மேலேயே கோடுகளாக வரைந்து காட்டினார். பழையதில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கலாகிக் கிடக்கும். அவருடையதில் தனித்தனியாக ஓடும். நூறு வருடம் ஆகப்போகிற அந்த வேலையைச் செய்ய ஒரு பென்சில் போதும். காலையில் எழுந்து பாத்ரூமுக்கு, அங்கிருந்து சமையலறைக்கு, வாசல் மணி அடித்தால் வாசலுக்கு, துவைத்த துணியைக் காயப்போட பால்கனிக்கு என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடுங்கள். சித்தி மகள் பார்த்த பெரிய வீட்டில் எல்லாக் கோடும் ஹாலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. 20க்கு 11 ஹால் என்று போட்டிருந்தாலும், ஒரு கோடியிலிருந்து எதிர்க்கோடிக் கதவுக்கு மூன்றடி அகலத்தில் பாதை விட்டால் சோபா போட மிஞ்சுவது இரண்டு முக்கோணத் துண்டுகள். அது ஹால் கிடையாது, நடைபாதை.

படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். வீட்டைத் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து பார்த்தால் தெரிவதுதான் பிளான். அறுபட்ட சுவர்கள் தடித்த கோடு. அதற்குக் கீழே இருக்கும் சமையல் மேடை, படிக்கட்டு, தரை எல்லாம் மெல்லிய கோடு. தலைக்கு மேலே இருப்பதைக் காட்ட வேண்டுமென்றால் விட்டுவிட்டு வரும் கோடு. இந்த விட்டுவிட்டு வரும் கோட்டைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அறையின் நடுவே அப்படி ஒரு ஜோடிக் கோடு ஓடினால், அங்கே மேலே பீம் இருக்கலாம். சுவரை ஒட்டி இருந்தால் லாஃப்டாக இருக்கலாம். எது என்று கேட்டுவிடுங்கள். விளம்பரப் படத்தில் பீமைக் காட்டவே மாட்டார்கள், சில சமயம் மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும் தூணையும் காட்ட மாட்டார்கள். ஒன்பது அங்குலம் துருத்தும் தூண் ஒன்று போதும், நீங்கள் அளந்து வைத்த வார்ட்ரோப் உள்ளே போகாது.

கதவு திறக்கும் பக்கத்தைக் கால்வட்டமாகப் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் எதுவும் வைக்க முடியாது. இரண்டு கால்வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இரண்டு கதவும் இடிக்கும். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறந்தால் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். சித்தி மகளின் மாமியார் வாக்கர் பிடித்து நடக்கிறவர். சின்ன பாத்ரூமில் வயதானவர் கதவுக்கு முன்னால் விழுந்துவிட்டால் உள்ளே தள்ளித் திறக்கவே முடியாது. வெளிப்பக்கம் திறப்பதோ, நகர்த்துகிற கதவோ நல்லது. அகலத்தையும் கேளுங்கள். இரண்டரை அடிக் கதவு என்றால் சட்டமும் கதவின் தடிமனும் போக நடக்கக் கிடைப்பது சுமார் 26 அங்குலம். சக்கர நாற்காலி போக 32 அங்குலம் தேவை என்பது பரவலான கணக்கு. அது முழுசாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். இன்றைக்கு வீட்டில் யாருக்கும் தேவையில்லை என்பீர்கள். வீடு அடிக்கடி வாங்குகிற பொருளா என்ன.

எழுதியிருக்கும் அளவு எதிலிருந்து எதுவரை என்பதும் முக்கியம். சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகம் வரையா, சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரையா? நடுக்கோட்டுக் கணக்கென்றால், ஒரு பக்கம் ஒன்பது அங்குலச் சுவரும் மறுபக்கம் நாலரை அங்குலச் சுவரும் இருக்கும் அறையில் ஏறக்குறைய ஏழு அங்குலம் அங்கேயே போய்விடும். பூச்சு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தின்னும். பாத்ரூமில் டைல்ஸ் இன்னும் கொஞ்சம். ஐந்தடி என்று எழுதிய பாத்ரூம் ஏன் நெருக்குகிறது என்று குடிபோன பிறகு கேட்பவர்களுக்கு இதுதான் காரணம்.

சமையலறைக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். மூன்று பக்கமும் சேர்ந்து 26 அடிக்குள் இருக்கட்டும், நடுவில் வீட்டின் போக்குவரத்துக் கோடு எதுவும் வெட்டாமல் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் கதவு சுவரில் இடிக்காமல் முழுக்கத் திறக்குமா என்று பாருங்கள், பலர் வரையும்போதே மறக்கிற விஷயம்.

ஜன்னல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்று கேளுங்கள். வெளியே "டக்ட்" என்று ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தால் அது குழாய்கள் இறங்கும் பொந்து. காற்றும் வெளிச்சமும் பெயருக்குத்தான் வரும். ஓர் அறையில் இரண்டு வெவ்வேறு சுவரில் திறப்பு இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

இதற்கு மறுப்புச் சொல்வார்கள் என்று தெரியும். "நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, எதற்கு ஸ்கேலும் பென்சிலும்?" கட்டி முடித்த வீடென்றால் கட்டாயம் நேரில் பாருங்கள், டேப் எடுத்துப் போங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாதிரி வீடு என்று காட்டுகிறார்களே, அங்கே உள் கதவுகளைக் கழற்றி வைத்திருப்பதும் உண்டு, சின்ன சைஸ் சோபா போட்டிருப்பதும் உண்டு. வெறும் அறையில் நிற்கும்போது எந்த அறையும் தாராளமாகத்தான் தெரியும். இன்னொரு கூட்டம், "ஆர்க்கிடெக்டுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்" என்று வரும். நல்ல ஆர்க்கிடெக்டுகளிடம்தான் இதையெல்லாம் கற்றேன். அவர்கள் வரைந்ததை விற்பனைக்காக அழகுபடுத்தும் இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ட்ராயிங்கின் ஓரத்தில் டைட்டில் பிளாக் என்று ஒரு கட்டம் இருக்கும். ஆர்க்கிடெக்ட் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாம் பெரிதாக இருக்கும். வரைந்தவர் என்ற இடத்தில் முழுப் பெயர்கூட இல்லாமல் இனிஷியலாக இரண்டு எழுத்து. ராத்திரி உட்கார்ந்து, படிக்கட்டுக்கு அடியில் தலை இடிக்கிறது என்று கண்டுபிடித்து, தள்ளி வைத்து, மொத்த தளத்தையும் திருத்திக் கொடுத்தவருக்கு இரண்டு எழுத்து. சில இடங்களில் அந்தக் கட்டமே காலி. என்னோடு வேலை செய்த எத்தனையோ பேர் இப்படியே ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்கள் தவிர்த்துக் கொடுத்த பிழைகளை அந்த வீடுகளில் இருப்பவர்கள் அறியவே வாய்ப்பில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா அளவும் எழுதிய வேலை ட்ராயிங்கைக் கேளுங்கள், தூண்களும் பீம்களும் காட்டியதையும் சேர்த்துக் கேளுங்கள். தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்க நீங்களும் தயங்கலாம். கூடவே உங்கள் வீட்டு எண்ணுக்கான பிளானைத்தான் கேட்க வேண்டும். அடுக்குமாடியில் ஒரு வீட்டை வரைந்துவிட்டு, அடுத்த வீட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போடுவது வழக்கம். தாளில் அச்சடித்திருப்பது ஒன்று, உங்களுக்கு வருவது அதன் திருப்பமாக இருக்கலாம். தாளில் கிழக்கே இருந்த பெட்ரூம் ஜன்னல் உங்கள் வீட்டில் மேற்கே போய், பிற்பகல் வெயில் முழுக்க உள்ளே வரும். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போட்டு வாங்குங்கள். இரண்டு பிளானிலும் இதைச் செய்துவிட்டுக் கட்டில் எங்கே போகும் என்று எழுதினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.