மலையக வாழ்க்கையின் கேலியைக் களிமண் உருவங்களில் கொண்டுவருவது எப்படி?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்துகொண்டு தேயிலைத் தோட்டத்துக் கேலி கிண்டலை மண் உருவங்களாகச் செய்கிறீர்கள், ஆனால் முகத்தில் சிரிப்பு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

கூடையோடு பல்லைக் காட்டும் கொழுந்துக்காரி பொம்மையைப் பார்த்து யாரும் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு உடம்பு நிற்கிற விதத்தில் இருக்கிறது. பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் நிறுவை நேரத்தில் போய் நின்று பாருங்கள். தராசு முள் ஆடி நிற்பதற்குள் வேலையை மேற்பார்த்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை, இலையிலுள்ள ஈரத்துக்கான கிலோவை மனதில் கழித்து முடித்திருப்பார். எதிரே நிற்கும் அக்கா தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் முள்ளின்மேல் வைத்திருப்பார். ஒரு கை இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை இறுக்கிப் பிடித்திருக்கும். நான் செய்த கணக்கப்பிள்ளைக்கு வயிற்றை முன்னே தள்ளி, கழுத்தே இல்லாமல் செய்தேன். கண்ணுக்கு இரண்டு குத்து, அவ்வளவுதான். எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சித்தி பார்த்தவுடன் ஆளின் பெயரையே சொன்னார். (இங்கே எழுத மாட்டேன், அவர் இன்னும் வேலையில் இருக்கிறார்.)

இனி அந்த வயிறு வெடிக்காமல் இருக்க வேண்டும். உட்புறத்தைக் குடைந்து, சுவரைப் பெருவிரல் தடிப்புக்குமேல் போகாமல் வையுங்கள். மண்ணோடு கொஞ்சம் ஓட்டுத்தூள் (சுட்ட ஓட்டை இடித்த தூள்) கலந்தால் வெடிப்பு குறையும். உள்ளே அடைபட்ட காற்றுதான் வெடிக்கிறது என்பார்கள். உண்மையில் மிச்சமிருக்கும் ஈரம் சூளையில் 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. நம் மூடுபனியில் மேற்புறம் காய்ந்தாலும் நடுப்பகுதி ஈரமாகவே கிடக்கும். கன்னத்தில் வைத்துச் சில்லென்றிருந்தால் ஈரம் என்ற சோதனை இங்கே உதவாது, எல்லாமே சில்லென்றுதான் இருக்கிறது. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈரக் கழிவில் கணக்கப்பிள்ளை பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பது அப்போது புரியும்.

விரல், காது போன்ற மெல்லிய பகுதிகள் முந்திக் காய்ந்து பிளக்கும். அவற்றைப் பொலித்தீனால் மூடி வையுங்கள். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று உருமாறுவதால் சூடேற்றும்போதும் ஆறும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். ஆவலில் சூளையைத் திறந்துவிடாதீர்கள்.

கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சு) பூசுவதானால் சேலைக்கும் கூடைக்கும் போதும். முகத்தில் தடிப்பாகப் பூசினால் கண் குத்துகள் நிரம்பி, ஆள் தூங்குவது போலாகிவிடும்.